தலையில் ஆப்பரேஷன்: வெளியே காத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் யாருக்காவது தலையில் ஆப்பரேஷன் என்று முடிவானால், அன்றைக்கோ மறுநாளோ எனக்கு ஒரு போன் வரும். என் கணவருக்கு மூளை உறையில் கட்டி வந்து ஈப்போவில் எடுத்தார்கள். செம்பனை வெட்டிக்கொண்டிருந்தவர் இப்போது வீட்டில் கோழி வளர்த்துக்கொண்டு நன்றாக இருக்கிறார். அதைப் பார்த்தவர்கள் "அந்த அக்காவைக் கேளுங்க" என்று எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் அநேகமாக அதேதான்.

நோயாளியைக் கவனிக்க டாக்டரும் தாதியும் இருக்கிறார்கள். வெளியே உட்கார்ந்திருக்கும் மனைவிக்கோ கணவனுக்கோ எதையும் விளக்கிச் சொல்ல ஆளில்லை. இந்தப் பக்கம் அவர்களுக்கானது. நான் டாக்டர் இல்லை. மருத்துவ விஷயங்களைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் எழுதியிருக்கிறேன். உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் பேச்சையே கேளுங்கள்.

இங்கேயே பெரிய ஆஸ்பத்திரி இருக்கே, ஏன் ஈப்போவுக்கு அனுப்புறாங்க?

மூளை அறுவை சிகிச்சைக்கு அதற்கென்றே படித்த நிபுணர், மயக்க மருந்து நிபுணர், தீவிர சிகிச்சைப் பிரிவு (ஐசியு), எந்த நேரமும் ஓடும் சிடி ஸ்கேன், ரத்த வங்கி எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும். மாவட்ட மருத்துவமனைகளில் அந்த வசதி இல்லை. நம் பக்கத்து ஆட்களை ஈப்போவில் உள்ள ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். சில கேஸ்கள் பினாங்குக்கோ, கோலாலம்பூர் பெரிய மருத்துவமனையில் உள்ள துங்கு அப்துல் ரஹ்மான் நரம்பியல் மையத்துக்கோ போகும். கைவிட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். சரியான கைகளில் ஒப்படைக்கிறார்கள்.

ஆப்பரேஷன் எத்தனை மணி நேரம் நடக்கும்?

எதற்காகச் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. விழுந்து அடிபட்டு மண்டைக்குள் மெதுவாகக் கட்டியிருக்கும் பழைய ரத்தத்தை வெளியே எடுப்பதென்றால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடியலாம். கட்டியை எடுப்பதென்றால் நாலு மணியிலிருந்து எட்டு மணி நேரம் சாதாரணம். ஆழத்தில் இருந்தாலோ ரத்தக் குழாயைச் சுற்றி இருந்தாலோ அதற்கு மேலும் போகும்.

முதல் நாளே டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். "சுமார் எவ்வளவு நேரம் ஆகும்?" அப்புறம், "அதைத் தாண்டினால் யாரிடம் கேட்கலாம்?" இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. மறுநாள் உங்களுக்கு உதவப்போவது அதுதான்.

காலையில எட்டு மணிக்கு உள்ளே கொண்டு போனாங்க. மத்தியானம் ஆச்சு, ஒரு தகவலும் இல்ல. ஏதாவது ஆயிடுச்சா அக்கா?

எனக்கு வரும் போன்களில் பாதி இதுதான். பெரும்பாலும் கழிப்பறைப் பக்கம் நின்று அழுதுகொண்டே கேட்பார்கள். நேரமாகிறது என்பதை மட்டும் வைத்துக் கெட்ட சேதி என்று முடிவு கட்டாதீர்கள். எட்டு மணிக்கு உள்ளே போனால் எட்டு மணிக்கே கத்தி வைப்பதில்லை. மயக்கம் கொடுக்க வேண்டும், தொண்டைக்குள் குழாய் வைக்க வேண்டும், கையில் ரத்த அழுத்தத்தை விடாமல் அளக்கும் ஊசியும் மருந்துக்கு வேறு ஊசிகளும் போட வேண்டும், சிறுநீர்க் குழாய் வைக்க வேண்டும். பிறகு தலை இம்மியும் அசையாதபடி ஒரு பிடிப்பானில் பொருத்துவார்கள். ஸ்கேன் படத்தையும் தலையையும் பொருத்திப் பார்த்து எங்கே திறப்பது என்று குறிப்பார்கள். இதற்கே ஒன்று இரண்டு மணி நேரம் போய்விடும்.

அதற்குப் பிறகு தோல், எலும்பு, அதற்குக் கீழே இருக்கும் உறை, ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். கட்டியை நுண்ணோக்கி வழியாகப் பார்த்துத் துணுக்குத் துணுக்காக எடுக்கிறார்கள். முடிந்ததும் உள்ளேயிருந்து வெளியே, தலைகீழ் வரிசையில் திரும்ப மூட வேண்டும். ரத்தக் கசிவு சுத்தமாக நின்றதா என்று பார்க்காமல் மூட மாட்டார்கள். பொறுமையாகச் செய்கிற டாக்டர்தான் நமக்கு வேண்டும். அந்தப் பொறுமைக்கு நேரம் பிடிக்கும்.

முந்தைய கேஸ் நீண்டுவிட்டாலோ, அவசர விபத்து கேஸ் வந்துவிட்டாலோ, உங்கள் ஆள் அறுவை அறைக்கு வெளியே படுக்கையிலேயே காத்திருக்கவும் கூடும். அது உங்களுக்குத் தெரியாது. அதனால், டாக்டர் சொன்ன நேரத்தைத் தாண்டி ஒன்றிரண்டு மணி ஆனால், அவர் சொன்ன ஆளிடமோ வார்டு தாதியிடமோ போய், "இன்னும் நடக்கிறதா, முடிந்துவிட்டதா?" என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் உள்ளே போன் செய்து சொல்லிவிடுவார்கள். கேட்பது தொந்தரவு இல்லை.

கையில என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

இரண்டு பேருடைய ஐசி (அடையாள அட்டை), அப்பாயின்மென்ட் கார்டு, அவர் சாப்பிடும் எல்லா மருந்தும் (பெயர் சொல்ல வராது, பையோடு கொண்டு போங்கள்), பழைய ஸ்கேன் இருந்தால் அது. உங்கள் மருந்தையும் மறக்காதீர்கள். இனிப்பு நீரோ ரத்த அழுத்தமோ உள்ள பெண்கள் கணவன் மருந்தை எண்ணி எண்ணி எடுத்துக்கொண்டு, தங்களுடையதை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

ஒரு ஸ்வெட்டர், சார்ஜர், சில்லறை, தண்ணீர்ப் போத்தல், பேனா, ஒரு சின்ன நோட்டு. மோதிரம், சங்கிலி, பணம் எதையும் நோயாளியின் படுக்கையில் விடாதீர்கள்.

ஐசியு வாசலிலேயே உட்காரணுமா? சாப்பிடப் போற நேரத்துல கூப்பிட்டுட்டா?

உங்கள் போன் எண்ணையும் இன்னொருவர் எண்ணையும் வார்டில் எழுதிக் கொடுங்கள். எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். போன் சத்தத்தை ஏற்றி வைத்துவிட்டால் கான்டீனுக்குப் போகலாம். நீங்கள் வாசலில் இல்லாததால் எந்தச் சிகிச்சையும் நின்றுவிடாது. அவசரமாக ஒன்று செய்ய வேண்டியிருந்தால் டாக்டர்கள் செய்துவிட்டுத்தான் தேடுவார்கள்.

லயத்திலிருந்து வேன் பிடித்துப் பத்துப் பேர் வருவது அன்புதான், புரிகிறது. ஆனால் அந்த ஒரு நாளைக்கு இரண்டு பேர் போதும். மற்றவர்கள் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் அது பெரிய உதவி. அரசாங்க மருத்துவமனைகளில் பார்வையாளர் நேரம் வழக்கமாக மதியம் பன்னிரண்டரை முதல் இரண்டு வரை, மாலை நாலரை முதல் ஏழரை வரை. ஐசியுவில் அதற்குள்ளும் ஒருவர் இருவராகத்தான் விடுவார்கள்.

அவர் பட்டினியா படுத்திருக்கும்போது நான் எப்படிப் பசியாற முடியும்?

அவருடைய பட்டினிக்குக் காரணம் இருக்கிறது. மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் திட உணவை ஆறு மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். தண்ணீரை எப்போது நிறுத்துவது என்பதையும் சொல்வார்கள். பாவம் என்று யாரும் திருட்டுத்தனமாக ஒரு வாய் மைலோ கொடுத்துவிடாதீர்கள். கொடுத்துவிட்டால் மறைக்காமல் தாதியிடம் சொல்லிவிடுங்கள். ஆப்பரேஷனைத் தள்ளி வைப்பார்கள், அவ்வளவுதான்.

உங்கள் பட்டினிக்கு அப்படி ஒரு தேவை இல்லை. முருகனுக்கு நேர்ந்துகொண்டு விரதம் இருக்கிறேன் என்றால் நான் தடுக்க மாட்டேன், நானும் நேர்ந்துகொண்டவள்தான். பாலும் பழமும் எடுத்துக்கொள்கிற விரதமாக வையுங்கள். இனிப்பு நீருக்கு மருந்து சாப்பிடுபவர்கள் அன்றைக்கு விரதம் இருக்கவே கூடாது. காணிக்கையை அவர் தேறி வந்தபின் செலுத்தலாம். சாயந்திரம் டாக்டர் வெளியே வந்து பேசும்போது உங்களுக்குத் தலை சுற்றக் கூடாது. அவர் சொல்வது காதில் விழ வேண்டும்.

என் மனைவி தாலியைக் கழற்ற மாட்டேன்னு அழுகிறாள். கழற்றித்தான் ஆகணுமா?

ஆமாம் தம்பி, கழற்றித்தான் ஆக வேண்டும். ரத்தக் கசிவை அடைக்க மின்சாரத்தால் சுடும் கருவியைப் பயன்படுத்துகிறார்கள். உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடத்தில் தோல் வெந்துபோகும் ஆபத்து உண்டு. எம்ஆர்ஐ அறைக்குள்ளும் உலோகத்தோடு விட மாட்டார்கள். கை விரல் வீங்கினால் மோதிரம் இறுகிக்கொள்ளும். கழுத்தில் அவசரமாக ஊசி வைக்க வேண்டி வந்தால் சங்கிலி குறுக்கே நிற்கும். தாலி, மெட்டி, மூக்குத்தி, வளையல் எல்லாவற்றுக்கும் இதே நியாயம்தான்.

தாதி வந்து அவசர அவசரமாகக் கழற்றும்படி விடாதீர்கள். முதல் நாள் சாயந்திரமே நீங்களே உங்கள் கையால் கழற்றி, அவள் பார்க்கும்படி மஞ்சள் துணியில் முடிந்து உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் நீங்களே திரும்பக் கட்டிவிடுவதாகச் சொல்லுங்கள். கட்டியவரே கழற்றி வைத்திருக்கிறார் என்றால் அவர்களுக்கு மனசு ஆறுகிறது. இப்படிச் செய்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். வெறும் மஞ்சள் கயிறு கையில் கட்டிக்கொள்ளலாமா என்று தாதியிடம் கேட்டுப் பாருங்கள். அறைக்குள் போகும்போது அதையும் எடுக்கச் சொன்னால் வாக்குவாதம் வேண்டாம். விபூதி பூசிவிடலாம், ஆனால் தலையைக் கிருமிநாசினியால் துடைக்கும்போது போய்விடும். அதை அபசகுனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முடி முழுசா போயிடுமா?

சில டாக்டர்கள் வெட்டும் இடத்தை மட்டும் மழிப்பார்கள், சிலர் பாதித் தலை, சிலர் முழுசும். முன்கூட்டியே கேளுங்கள். முடி வளர்ந்துவிடும்.

சம்மதப் போம்ல சாவு, பக்கவாதம் அப்படின்னெல்லாம் போட்டிருக்கு. நான் சைன் வச்சா, ஏதாவது ஆனா பொறுப்பு என் தலையிலா?

இல்லை. நோயாளி நினைவோடு, புரிந்து பேசும் நிலையில் இருந்தால் கையெழுத்து அவருடையது, உங்களுடையது அல்ல. கணவன் மனைவியாக இருந்தாலும் அவர் உடம்புக்கு அவர்தான் சம்மதம் தர வேண்டும். நினைவில்லாமல் இருந்தால்தான் நெருங்கிய உறவிடம் வருவார்கள். உயிர் போகிற அவசரத்தில் உறவைத் தேடி நேரத்தை வீணாக்காமல் டாக்டர்களே முடிவெடுத்துச் செய்யவும் முடியும்.

அந்தக் கையெழுத்துக்கு அர்த்தம், என்ன செய்யப்போகிறார்கள், என்ன ஆபத்து இருக்கிறது, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை விளக்கினார்கள், நான் ஒத்துக்கொள்கிறேன் என்பதே. விளக்கம் புரியாமல் சைன் வைக்காதீர்கள். "செய்யாவிட்டால் என்ன ஆகும்?" என்ற கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். அதற்கு வரும் பதிலைக் கேட்ட பிறகு ஆபத்துகளின் பட்டியலைப் படித்தால் முடிவெடுக்கச் சுலபமாக இருக்கும். ஆபத்துகளைப் போமில் எழுதியே ஆக வேண்டும் என்பதால் எழுதுகிறார்கள். எல்லாம் நடக்கும் என்று அர்த்தமில்லை. உங்கள் ஆளுக்கு எது எவ்வளவு சாத்தியம் என்று டாக்டர் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள்.

டாக்டர் மலாயும் இங்கிலீஷும் கலந்து வேகமா பேசுறார். எனக்குப் பாதி புரியல. கேட்டா கோவிச்சுக்குவாரோன்னு பயம்.

"டாக்டர், கொஞ்சம் மெதுவா, தமிழ் தெரிஞ்ச மிஸி யாராவது இருக்காங்களா?" என்று கேளுங்கள். பேராக் மருத்துவமனைகளில் தமிழ் பேசும் தாதிகளும் டாக்டர்களும் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் யாரும் கிடைக்காவிட்டால், படித்த பிள்ளை ஒருவரைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட அனுமதி கேளுங்கள். சின்னப் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பத்து வயதுப் பெண் தன் அப்பாவைப் பற்றிய கெட்ட சேதியைத் தன் வாயால் அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய நிலை ஒரு மருத்துவமனையில் வந்ததை நான் பார்த்தேன். அந்தக் குழந்தையின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

டாக்டரிடம் பேச ஒரே ஆளை வையுங்கள். காலையில் மச்சான், மத்தியானம் சித்தப்பா, ராத்திரி மருமகன் என்று ஆளாளுக்குக் கேட்டால் ஆளுக்கொரு கதை வீட்டுக்கு வரும். அந்த ஒருவர் நோட்டில் தேதியோடு எழுதி வைத்து, சாயந்திரம் குடும்ப வாட்சாப்பில் ஒரே ஒரு தகவல் போட்டால் போதும். பதில் கேட்டு வரும் போன்களை எடுக்க வேண்டியதில்லை. கணவனோ மனைவியோ கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், பேச்சுப் பொறுப்பை வேறொருவர் எடுத்துக்கொள்ளட்டும்.

ரத்தம் கொடுக்க ஆள் கூட்டிட்டு வரணுமா?

சோதித்து வைத்திருக்கும் ரத்தத்தில் பொருந்துவதைத்தான் ரத்த வங்கி எடுத்துக் கொடுக்கும். ரத்த வகை ஒன்றாக இருந்தால்கூட, உடனே உங்கள் கையிலிருந்து எடுத்து அவருக்கு ஏற்றுவதில்லை. தம்பிமார் கொடுக்க ஆசைப்பட்டால் தாராளமாக ரத்த வங்கியில் போய்க் கொடுக்கட்டும். அது இன்னொரு வீட்டுக்கு உதவும்.

செலவு எவ்வளவு ஆகும்? வீட்டை அடகு வைக்கணும்னு பேசிக்கிறாங்க.

யாரும் எதையும் அடகு வைக்கும் முன் விசாரியுங்கள். அரசாங்க மருத்துவமனையில் குடிமக்களுக்கு மூன்றாம் வகுப்பு வார்டு ஒரு நாளைக்கு 3 வெள்ளி (ரிங்கிட்). நிபுணர் கிளினிக்குக்கு 5 வெள்ளி. அறுவைக் கட்டணமும் தனியாரோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. சில கேஸ்களில் உள்ளே வைக்கும் குழாய், தகடு போன்ற பொருள்களுக்குக் குடும்பத்தைப் பணம் கட்டச் சொல்வார்கள். பெரிய தொகை வருவது அங்கேதான். "வெளியே வாங்க வேண்டிய பொருள் ஏதாவது இருக்கிறதா?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கட்ட முடியாவிட்டால் வார்டு தாதியிடம் "ஜாபாத்தான் கெர்ஜா சோசியல் பெருபாத்தான்" எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். மருத்துவ சமூகநலப் பிரிவு அது. சம்பளச் சீட்டு, ஐசி, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், கரண்டு பில் கொண்டு போனால் பார்த்துவிட்டு உதவிக்கு வழி சொல்வார்கள். அங்கே போவதில் எந்த வெட்கமும் இல்லை, அதற்காகத்தான் அந்த அறை. ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) சேமிப்பிலிருந்து கடும் நோய்க்குப் பணம் எடுக்கும் திட்டமும் இருக்கிறது. தனக்கு மட்டுமில்லை, கணவன் மனைவி சிகிச்சைக்கும் எடுக்கலாம். பிள்ளைகளில் யாராவது அரசாங்க ஊழியராக இருந்தால் பெற்றோருக்கான உத்தரவாதக் கடிதம் கிடைக்குமா என்று அவர்கள் அலுவலகத்தில் விசாரிக்கட்டும்.

நோயாளி வேலையில் இருப்பவர் என்றால், மருத்துவமனையில் தங்க வேண்டி வரும்போது வேலைவாய்ப்புச் சட்டப்படி ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. எம்சியை (மருத்துவ விடுப்புச் சான்றிதழை) தோட்ட ஆபீஸ் கிராணியிடம் (எழுத்தரிடம்) கொடுத்து, ஒரு நகலில் பெற்றதாகக் கையெழுத்து வாங்குங்கள். காத்திருக்கும் உங்களுக்கு அப்படித் தனி விடுப்பு சட்டத்தில் இல்லை. ஆண்டு விடுப்பை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சம்பளமில்லா விடுப்புக்குப் பேச வேண்டும். இருக்கும் விடுப்பு எல்லாவற்றையும் ஆப்பரேஷன் சமயத்திலேயே தீர்த்துவிடாதீர்கள். கவனிப்பு உண்மையில் தேவைப்படுவது அவர் வீட்டுக்கு வந்த பிறகுதான்.

முடிஞ்சதுன்னு சொன்னாங்க. உள்ளே போய்ப் பார்த்தா முகம் வீங்கி, வாயில குழாயோட இருக்கார். ஆளையே அடையாளம் தெரியல.

முதல் முறை பார்க்கும்போது நெஞ்சு பதறும். தெரிந்துகொண்டு போனால் கொஞ்சம் தாங்கலாம். வாயில் இருக்கும் குழாய் மூச்சு இயந்திரத்துக்கு. சிலருக்கு அறுவை அறையிலேயே எடுத்துவிடுவார்கள், சிலரை மறுநாள் வரை தூங்க வைத்திருப்பார்கள். கண்ணைச் சுற்றி வீங்கிக் கறுத்துப்போவது சகஜம். இரண்டாவது மூன்றாவது நாள் இன்னும் கூடிவிட்டுத்தான் வடியும். தலையிலிருந்து ஒரு குழாய் பைக்கு வரலாம். தாதி மணிக்கொரு தரம் கண்ணில் விளக்கடித்து, பெயரைக் கேட்டு, கையைப் பிடிக்கச் சொல்லித் தொந்தரவு செய்வது போலிருக்கும். மூளைக்குள் வீக்கமோ ரத்தமோ சேருகிறதா என்று சீக்கிரமே கண்டுபிடிக்கத்தான் அப்படிச் செய்கிறார்கள். "தூங்க விடுங்களேன் மிஸி" என்று தடுக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் மிகக் கவனமாகப் பாருங்கள். தலையிலிருந்து வரும் குழாய் மூளைநீரை வடிக்கும் குழாயாக இருந்தால், அந்தப் பை தொங்கும் உயரம் கணக்குப் பார்த்து வைத்தது. கட்டிலை ஏற்றினாலோ இறக்கினாலோ நீர் அளவுக்கு மீறி வடியும், இல்லாவிட்டால் வடியாமல் நின்றுவிடும். தலைப்பக்கம் உயர்ந்திருக்கிறதே என்று தலையணையை எடுப்பதும், கட்டிலைச் சமமாக்குவதும் வேண்டாம். எதைத் தொடுவதென்றாலும் தாதியைக் கூப்பிடுங்கள். கையைப் பிடித்துப் பேசுவதற்கு அனுமதி வேண்டியதில்லை. கையைக் கழுவிவிட்டுப் பிடியுங்கள், காதருகே மெதுவாகப் பேசுங்கள். கண்ணைத் திறக்காதவர்களுக்கும் காது கேட்கலாம்.

நாலாவது நாள். என்னை யாருன்னே தெரியல. அசிங்க அசிங்கமா திட்டுறார். இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட இப்படிப் பேசினதில்ல.

இதைக் கேட்பவர்கள் குரலே உள்ளே போய்விடும். அக்கம்பக்கத்தில் சொல்லவும் முடியாது. மூளை வீக்கம், ஐசியுவில் பகலும் ராத்திரியும் தெரியாமல் போவது, தூக்கமின்மை, காய்ச்சல், உப்புச் சத்துக் குறைவு, மருந்து, எல்லாம் சேர்ந்து பலருக்குச் சில நாள் குழப்பம் வரும். முன்மூளையில் ஆப்பரேஷன் ஆனவர்களுக்கு அடக்கி வைக்கும் தன்மையே கொஞ்ச காலம் குறைந்திருக்கும். வீக்கத்தைக் குறைக்கக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டெராய்டும் எரிச்சல், தூக்கமின்மை, அடங்காப் பசி, ரத்தத்தில் இனிப்பு ஏறுவது எல்லாம் கொண்டுவரும். உள்மனசில் இருந்த வெறுப்பு வெளியே வருகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூளை காயப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். முக்கியமாக, நேற்று தெளிவாக இருந்தவர் இன்று குழம்பினாலோ தூங்கித் தூங்கி விழுந்தாலோ அந்த நிமிடமே சொல்லுங்கள். அவர் இயல்பு உங்களுக்குத்தான் தெரியும், தாதிக்குத் தெரியாது. பேசும்போது பெயர், கிழமை, எந்த இடம் என்று எடுத்துச் சொல்லுங்கள். கண்ணாடி போடுபவர் என்றால் கண்ணாடியைக் கொண்டுபோய்க் கொடுங்கள். வாதாடாதீர்கள். தாங்க முடியாவிட்டால் வெளியே வந்து உட்காருங்கள், வேறொருவர் உள்ளே போகட்டும்.

மண்டை எலும்புல ஒரு துண்டைத் திரும்ப வைக்கலன்னு சொல்றாங்க. மறந்துட்டாங்களா?

மறக்கவில்லை. வீக்கம் அதிகமாக இருந்தால் எலும்பை மூடினால் மூளை நசுங்கும். அதனால் வேண்டுமென்றே வெளியே விடுவார்கள். அந்த எலும்பைக் கிருமியில்லாமல் உறைநிலையில் வைப்பார்கள், சில இடங்களில் அவர் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே வைப்பார்கள். வீக்கம் வடிந்து சில வாரங்களோ மாதங்களோ கழித்துத் திரும்பப் பொருத்துவார்கள். அதுவரை அந்தப் பக்கம் படுக்க வைக்காதீர்கள், தலையில் எதுவும் படாமல் பாருங்கள். அந்த இடம் குழிந்தோ புடைத்தோ தெரியும், பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கட்டியை முழுசா எடுக்க முடியலன்னு டாக்டர் சொல்றார். அப்போ இவ்வளவு கஷ்டமும் வீணா?

பேச்சுக்கான நரம்பிலோ பெரிய ரத்தக் குழாயிலோ ஒட்டியிருக்கும் பகுதியை வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள். அதையும் சுரண்டி எடுத்துவிட்டுப் பேச்சோ கைகாலோ போவதைவிட, அழுத்தத்தைக் குறைத்துவிட்டு மிச்சத்தைக் கண்காணிப்பது நல்லது என்று உள்ளேயே முடிவெடுக்கிறார்கள். மிச்சத்துக்குக் கதிர்வீச்சு தேவைப்படலாம், சிலருக்கு அவ்வப்போது எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தாலே போதும்.

எந்த வகைக் கட்டி என்பது ஆய்வுக்கூட முடிவு வந்த பிறகுதான் உறுதியாகும், அதற்கு ஒன்றிரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். என் கணவருக்கு வந்தது போல மூளை உறையில் வருவதில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. ஆனால் கட்டிகளில் பல வகை இருக்கிறது. ஒருவர் கதையை இன்னொருவருக்குப் பொருத்தாதீர்கள், என் வீட்டுக் கதையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முடிவு வாங்கும் நாளில் தனியாகப் போகாதீர்கள். முன்பு சொன்ன நோட்டும் அந்த ஒரு ஆளும் உங்களோடு வரட்டும்.

வீட்டுக்கு வந்துட்டார். எப்போ மோட்டார் ஓட்டலாம், எப்போ வேலைக்குப் போகலாம்?

டாக்டர் எழுதிக் கொடுக்கும் வரை மோட்டாரும் வேண்டாம், காடியும் (காரும்) வேண்டாம். மூளை ஆப்பரேஷனுக்குப் பிறகு வலிப்பு வரும் ஆபத்து கொஞ்ச காலம் இருக்கும். அதே காரணத்தால் குளத்தில் மீன் பிடிக்கத் தனியாகப் போவது, ஏணியில் ஏறுவது, அரிவாளோ பால்வெட்டுக் கத்தியோ எடுத்துக்கொண்டு விடியற்காலை தனியாக நிரைக்குள் போவது எல்லாம் ஆபத்து. தோட்டத்தில் லேசான வேலை மாற்றித் தரும்படி டாக்டர் கடிதத்தோடு மேனேஜரிடம் பேசுங்கள். இனி வேலையே செய்ய முடியாது என்ற நிலை வந்தால் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) அலுவலகத்தில் இயலாமை ஓய்வூதியம் பற்றி விசாரியுங்கள்.

வலிப்பு மருந்தையும் ஸ்டெராய்டையும் "நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்தக் கூடாது. வலிப்பு வந்தால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள், நேரம் பாருங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 999. தலைவலி கூடிக்கொண்டே போய் வாந்தி, காய்ச்சல், தையலிலிருந்து தெளிந்த நீர், தூங்கிக்கொண்டே இருப்பது, கால் வீங்கி மூச்சு வாங்குவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த அப்பாயின்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் கிளம்புங்கள். நாட்டு மருந்து, எண்ணெய், பத்தியக் கஷாயம் எதையும் டாக்டரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள்.

"மனசைத் தயார் பண்ணிக்குங்க"ன்னு டாக்டர் சொல்லிட்டுப் போயிட்டார். அதுக்கு என்ன அர்த்தம் அக்கா? யாரைக் கேக்குறது?

அந்த டாக்டரையே கேளுங்கள். அந்தப் பேச்சுக்கு உட்கார்ந்து பேச ஒரு நேரம் கேட்பது உங்கள் உரிமை. "உயிர் பிழைப்பது கஷ்டம் என்கிறீர்களா, பிழைத்தாலும் எழுந்து நடக்க மாட்டார் என்கிறீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். இரண்டும் வேறு வேறு. "அவருக்கு வலி தெரிகிறதா?", "இன்னொரு ஆப்பரேஷன் செய்தால் என்ன மாறும்?", "செய்யாவிட்டால்?" என்றும் கேளுங்கள். மறுபடி கையெழுத்துக் கேட்டால் மேலே போம் பற்றிச் சொன்னது அப்படியே பொருந்தும். ஒத்துக்கொண்டாலும் மறுத்தாலும் நீங்கள் அவரைக் கொல்லவுமில்லை, கைவிடவுமில்லை. அவர் நல்ல நிலையில் இருந்தபோது இதைப் பற்றி என்ன சொல்லியிருந்தார் என்று யோசித்து, அதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

பிள்ளைகளை மறைத்து வைக்காதீர்கள். வயதுக்கேற்றபடி சொல்லி, உள்ளே விடுவார்களா என்று தாதியிடம் கேட்டு அழைத்துப் போங்கள். இந்த நிலையில் பார்வையாளர் நேரத்தைத் தளர்த்தும் வார்டுகள் உண்டு, கேட்டால்தான் கிடைக்கும். ராத்திரியில் தனியாக இருந்து பயமாக இருந்தால் என் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். எத்தனை மணியானாலும் எடுப்பேன்.